வீட்ல இருந்து லைவ் போறதுக்கு சின்ன ஆடியோ மிக்சர் எப்படிப் பாத்து வாங்குறது

நான் முதல்ல வாங்குன மிக்சர்ல நிறைய நாப் இருந்துச்சு, கலர் கலரா லைட் எரிஞ்சுச்சு, அதுக்காகத்தான் வாங்குனேன்னு இப்ப ஒத்துக்குறதுல வெக்கம் இல்ல. முதல் லைவ்ல ஒன்றரை மணி நேரம் பேசி முடிச்சுட்டு ரெக்கார்டிங்கை ஹெட்போன்ல போட்டுக் கேட்டா என் குரல் இடது காதுல மட்டும் வருது, வலது காதுல ஒண்ணுமே இல்ல. பாத்தவங்க யாரும் சொல்லவே இல்ல, ஏன்னா எல்லாரும் போன் ஸ்பீக்கர்லயே கேட்டிருக்காங்க. மிக்சர்ல கோளாறு எதுவும் கிடையாது, சேனல் 1 இடது பக்கமும் சேனல் 2 வலது பக்கமும் தனித்தனியா கம்ப்யூட்டருக்குப் போற மாதிரி ஒரு ஸ்விட்ச் இருந்துச்சு, அது எதுக்குன்னு தெரியாம அப்படியே விட்டிருந்தேன். அவ்ளோதான் விஷயம்.

அதுல இருந்து யார் மிக்சர் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். எத்தனை நாப் இருக்கு, எத்தனை சேனல் இருக்குன்னு பாக்காதீங்க, எந்தச் சத்தம் எங்க போகுதுன்னு பாருங்க. மேடைக் கச்சேரிக்கு மிக்சர் வாங்குறவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே இடத்துக்கு, அதாவது ஸ்பீக்கருக்குப் போனா முக்காவாசி வேலை முடிஞ்சது. லைவ் போறவங்களுக்கு அப்படி இல்ல, சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகணும், கம்ப்யூட்டர்ல இருந்து திரும்பி வரணும், நம்ம காதுக்கு வரணும், போன்ல பேசுற கெஸ்ட்டுக்குப் போகணும், ஆனா கெஸ்ட்டுக்கு அவரோட குரலே திரும்பிப் போகக்கூடாது. இந்தப் போக்குவரத்துலதான் எல்லாரும் மாட்டிக்குறாங்க.

உங்களுக்கு மிக்சர் வேணுமா, முதல்ல அதைப் பாருங்க

ஒரே ஆள், ஒரே மைக், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பேசுறீங்க, இல்ல கேம் ஆடுறீங்க, அவ்ளோதான்னா மிக்சர் தேவையே இல்ல. ரெண்டு இன்புட் இருக்குற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோட சேக்குற பெட்டி, போதும், யூஎஸ்பி மைக்கே கூட போதும். மிச்சத்தை லைவ் அனுப்புற சாஃப்ட்வேரான ஓபிஎஸ்லயே பண்ணிக்கலாம், நாய்ஸ் கேட் (பேசாதப்ப வர்ற இரைச்சலை அடைக்கிறது), கம்ப்ரஸர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்றது), லிமிட்டர் (ஒரு அளவுக்கு மேல ஏறாம தடுக்கிறது) எல்லாம் அதுக்குள்ளயே ஃப்ரீயா இருக்கு.

மிக்சர் எப்ப வேணும்னா, ரெண்டு மூணு மைக் ஒரே நேரத்துல ஓடணும், கூட கீபோர்டோ கிட்டாரோ இருக்கு, நடுவுல பாட்டு போடணும், போன்ல ஒருத்தரைப் பேச வைக்கணும், இதையெல்லாம் லைவ் ஓடிட்டு இருக்கும்போதே கையால ஏத்தி இறக்கணும்னா. இந்தக் கையாலங்கிறதுதான் முக்கியம். ஸ்க்ரீன் முழுக்க வேற ஏதோ ஓடிட்டு இருக்கும்போது மவுஸை எடுத்து அந்த குட்டி ஸ்லைடரைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பாட்டு உங்க பேச்சை முழுங்கிடும். விரலுக்கு அடியில ஒரு ஃபேடர், அதாவது மேல கீழ தள்ளுற நிஜ ஸ்லைடர், இருந்தா பாக்காமலே இறக்கிடலாம்.

ஸ்டெப் 1: ஒரு பேப்பர், ஒரு பேனா

இதைச் செய்யாம எந்த மாடலையும் தேடாதீங்க. பேப்பரோட இடது பக்கம் சத்தம் வர்ற இடம் எல்லாத்தையும் எழுதுங்க: மைக் எத்தனை, எந்த மாதிரி மைக், கீபோர்டு இருந்தா அது ஸ்டீரியோவா (இடது, வலதுன்னு ரெண்டு சத்தம்) மோனோவா (ஒரே சத்தம்), கம்ப்யூட்டர்ல ஓடுற பாட்டு, கம்ப்யூட்டர்லயே வீடியோ கால்ல இருக்குற ஆள், தனியா போன்ல வர்ற ஆள். வலது பக்கம் சத்தம் போக வேண்டிய இடம்: லைவ், உங்க ஹெட்போன், பக்கத்துல உக்காந்திருக்குறவரோட ஹெட்போன், கால்ல இருக்குற கெஸ்ட். இப்ப ஒவ்வொண்ணுக்கும் அம்புக்குறி போடுங்க. பாட்டு லைவுக்குப் போகணுமா, ஆமா. கெஸ்ட்டுக்கு? அதுவும் ஆமா. கெஸ்ட்டோட குரல் லைவுக்கு? ஆமா. கெஸ்ட்டோட குரல் கெஸ்ட்டுக்கே? கூடாது. இங்க ஒரு பெருக்கல் குறி போடுங்க, பெருசாவே போடுங்க. பின்னாடி மாடல் பாக்கும்போது அந்தக் குறிதான் பாதி மிக்சரைக் கழிச்சு விடும்.

ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொருத்தர் சேருவார்னு உறுதியா தெரிஞ்சா ஒரு மைக் கூடுதலா எழுதிக்கோங்க. இருந்தா நல்லதுதானேன்னு ஆறு மைக் எழுதாதீங்க, மேஜை மேல இடம்தான் போகும்.

ஸ்டெப் 2: சேனல் எண்ணிக்கையை நம்பாதீங்க

பெட்டி மேல 8, 10, 12ன்னு போட்டிருக்குற நம்பர் மைக் எண்ணிக்கை இல்ல. ஒரு ஸ்டீரியோ இன்புட்டை ரெண்டு சேனலா கணக்குப் பண்ணுவாங்க. பெரிங்கர் கியூ802யூஎஸ்பியைப் பாத்தா பேர்லயே 8 இருக்கு, ஆனா மைக் மாட்டுற ப்ரீஆம்ப் (மைக்கோட சன்னமான சிக்னலைப் பெருக்குற பகுதி) ரெண்டே ரெண்டு. யமஹா எம்ஜி10எக்ஸ்யூவுக்கு 10 சேனல்னா அது நாலு மோனோ, மூணு ஸ்டீரியோ, மைக் அதிகபட்சம் நாலு. இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்ல, இந்தத் தொழில்ல எண்ணுறதே அப்படித்தான், புதுசா வர்றவங்களுக்குத்தான் தெரியாது. அதனால மைக் மாட்டுற எக்ஸ்எல்ஆர் ஓட்டை எத்தனைன்னு படத்தைப் பாத்து நீங்களே எண்ணிக்கோங்க, மூணு பின் போற வட்டமான ஓட்டை. நடுவுல கால் இஞ்ச் ஜாக்கும் போற மாதிரி இருந்தா அது காம்போ, மைக்கும் மாட்டலாம், கீபோர்டும் மாட்டலாம், ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான்.

கிட்டாரை நேரா சொருகப் போறீங்கன்னா ஹை-இசட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. அது இல்லாத இன்புட்ல பிக்கப் கிட்டாரைச் சொருகுனா சத்தம் வரும், ஆனா மேல இருக்குற பளபளப்பு எல்லாம் போய் போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

அடுத்து 48 வோல்ட். கண்டென்சர் மைக் (கரண்ட் இருந்தாதான் வேலை செய்யுற, நுணுக்கமா கேட்குற வகை) வெச்சிருந்தா ஃபேண்டம் பவர், அதாவது மிக்சர் மைக் கேபிள் வழியாவே அனுப்புற அந்த 48 வோல்ட், கட்டாயம் வேணும். சின்ன மிக்சர்ல பெரும்பாலும் ஒரே ஸ்விட்ச்தான் இருக்கும், போட்டா எல்லா எக்ஸ்எல்ஆர்லயும் போகும். டைனமிக் மைக்கை (கரண்ட் தேவைப்படாத வகை) ஒழுங்கான பேலன்ஸ்ட் கேபிள்ல (வெளி இரைச்சல் ஏறாத மாதிரி ரெண்டு சிக்னல் கம்பி இருக்குறது) மாட்டியிருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. பழைய ரிப்பன் மைக் யார்கிட்டயாவது இருந்தா மட்டும் ஜாக்கிரதை, கேபிள்ல கோளாறு இருந்தா உள்ள இருக்குற மெல்லிசு ரிப்பன் போயிடும். இன்னொண்ணு, ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி ஃபேடரையும் ஹெட்போன் வால்யூமையும் இறக்கிடுங்க, இல்லேன்னா காதுல டொப்புன்னு அடிக்கும்.

மைக்கே இன்னும் வாங்கலன்னா ஒரு வார்த்தை. சுவர்ல, தரையில எதுவுமே பண்ணாத சாதாரண ரூம்னா டைனமிக் மைக் எடுத்துட்டு வாய்க்குப் பக்கத்துல வெச்சுப் பேசுங்க. கண்டென்சர் பக்கத்து ரூம்ல சுத்துற ஃபேனைக் கூட கேட்கும். மைக்குக்கும் வாய்க்கும் இருக்குற தூரத்தைப் பாதியாக்குனா உங்க குரல் கிட்டத்தட்ட 6 டெசிபெல் ஏறும், ரூம் எதிரொலி அப்படியே இருக்கும், செலவே இல்லாத வித்தை இது.

ஸ்டெப் 3: கெயின் போதுமா

டைனமிக் மைக்கைப் பத்தி சொன்னேன் இல்ல, அதுல ஒரு சிக்கல் இருக்கு. அது குடுக்குற சிக்னல் ரொம்ப சன்னம். எல்லாரும் ஆசைப்படுற ஷ்யூர் எஸ்எம்7பிக்கு 60 டெசிபெல்லாவது சுத்தமான கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குற அளவு, வேணும்னு அந்தக் கம்பெனியே சொல்லுது. சின்ன மிக்சர்ல சிலதுல கெயின் 40, 45லயே நின்னுடும், சிலதுல 60 வரைக்கும் போகும் ஆனா கடைசி கால் திருப்புல உஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் கூடவே வரும். மேக்கி புரோஎஃப்எக்ஸ் வி3 வரிசையில 60 டெசிபெல் குடுக்குறாங்க, அந்த மாதிரி நம்பரை ஸ்பெக் ஷீட்ல தேடுங்க. மைக் கெயின்னு போட்டிருக்குற இடத்துல பாக்கணும், மொத்த கெயின்னு வேற ஒரு பெரிய நம்பர் போட்டிருப்பாங்க, அது இன்புட்ல இருந்து அவுட்புட் வரைக்கும் எல்லாத்தையும் கூட்டுனது, அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

இரைச்சலுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஈஐஎன்னு போட்டிருப்பாங்க, மைனஸ்ல இருக்கும். மைனஸ் 128 டெசிபெல்-யூ பக்கம் இருந்தா நல்ல ப்ரீஆம்ப். மைனஸுக்குப் பின்னாடி நம்பர் பெருசா இருந்தா இரைச்சல் கம்மின்னு அர்த்தம். ஏற்கனவே மிக்சர் வாங்கிட்டீங்க, கெயின் பத்தலன்னா, மைக்குக்கும் மிக்சருக்கும் நடுவுல மாட்டுற பூஸ்டர் கிடைக்குது, ஃபேண்டம் பவர்ல ஓடும், 20, 25 டெசிபெல் ஏத்திக் குடுக்கும். ஆனா அதையும் சேத்து கணக்குப் போட்டா, முதல்லயே நல்ல ப்ரீஆம்ப் இருக்குற மிக்சரை எடுத்திருக்கலாமோன்னு தோணும்.

ஸ்டெப் 4: யூஎஸ்பி, இங்கதான் நேரம் எடுத்துக்கணும்

முதல் பொறி: யூஎஸ்பி இருக்குன்னு எழுதியிருந்தா அது கம்ப்யூட்டர்ல சேருற யூஎஸ்பின்னு அர்த்தம் இல்ல. ப்ளூடூத்தும் குட்டி டிஸ்ப்ளேவும் போட்டு வர்ற மலிவு மிக்சர் நிறைய இருக்கு, அதுல இருக்குற யூஎஸ்பி பென்டிரைவ் சொருகி பாட்டு போடுறதுக்கு. தட்டையான, பென்டிரைவ் போற ஓட்டை மட்டும் இருந்தா சந்தேகப்படுங்க. பிரிண்டர்ல இருக்குற மாதிரி சதுர ஓட்டையோ டைப்-சியோ இருக்கணும், அதோட ஆடியோ இன்டர்ஃபேஸ்னு தெளிவா எழுதியிருக்கணும். டைப்-சி இருந்தும் அது கரண்டுக்கு மட்டும்னு சில பெட்டியில இருக்கு, அதனால ரெண்டாவது நிபந்தனையை விட்டுடாதீங்க.

அடுத்தது, எத்தனை வழி. பெரும்பாலான சின்ன மிக்சர் 2 இன் 2 அவுட், அதாவது நீங்க கலந்து முடிச்ச ஸ்டீரியோ மிக்ஸ் அப்படியே கம்ப்யூட்டருக்குப் போகும், அங்க இருந்து ஒரு ஸ்டீரியோ திரும்பி வரும். கலந்தது கலந்ததுதான், பிறகு ஒருத்தர் மைக்கை மட்டும் தனியா எடுத்து சரி பண்ண முடியாது. லைவ் மட்டும்னா இது போதும். லைவ் முடிச்சு அதையே வெட்டி ஒட்டிப் போடப் போறீங்கன்னா மல்டிட்ராக் வேணும், ஒவ்வொரு மைக்கும் தனி ட்ராக்கா போகணும். நடுவாந்தரமா சிலது இருக்கு. ஆலன் அண்ட் ஹீத் ஜெட்ஐ-10 நாலு போக நாலு வர, மேக்கி புரோஎஃப்எக்ஸ்6வி3 ரெண்டு போக நாலு வர. கம்ப்யூட்டர்ல இருந்து நாலு வந்தா பாட்டு ஒரு ஜோடி, வீடியோ கால் இன்னொரு ஜோடின்னு பிரிச்சு வெக்கலாம், இது கிடைச்சா விட்டுடாதீங்க.

மல்டிட்ராக் மிக்சர்ல ஒரு வில்லங்கம் இருக்கு. சிலதுல யூஎஸ்பிக்குப் போற சத்தம் ஃபேடருக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிடும். நீங்க மியூட் அழுத்திட்டு இருமுவீங்க, ஹெட்போன்ல ஒண்ணும் கேட்காது, நிம்மதியா இருப்பீங்க, ஆனா அந்த இருமல் யூஎஸ்பி வழியா லைவுக்குப் போய்ட்டு இருக்கும். அதனால யூஎஸ்பிக்கு ஃபேடருக்கு முன்னாடியா பின்னாடியா எங்க இருந்து எடுக்குதுன்னு மேனுவல்ல தேடுங்க. மேனுவலை வாங்குறதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணலாம், எல்லாக் கம்பெனியும் சும்மாவே குடுக்குறாங்க. அதுல கடைசிப் பக்கங்கள்ல பிளாக் டயகிராம்னு ஒரு படம் இருக்கும், பாத்தா தலை சுத்தும், ஆனா நீங்க பேப்பர்ல போட்ட அம்புக்குறியோட பெரிய அண்ணன்தான் அது. உங்க மைக் கோட்டை விரலால பிடிச்சுட்டே போனா யூஎஸ்பின்னு எழுதியிருக்குற இடத்துக்கு எந்த வழியா வருதுன்னு தெரிஞ்சிடும்.

அப்புறம் லூப்பேக். கம்ப்யூட்டர்ல ஓடுற பாட்டு, கேம் சத்தம் மிக்சருக்கு வந்து, உங்க மைக்கோட கலந்து, மறுபடி கம்ப்யூட்டருக்கே போறதுதான் லூப்பேக். யமஹா ஏஜி03 மாதிரி லைவுக்குன்னே பண்ண மிக்சர்ல இதுக்குத் தனி ஸ்விட்ச் இருக்கு. ஆனா இது ஒரு கத்தி மாதிரி. தனியா கேம் ஆடி லைவ் போறவருக்கு லூப்பேக் வசதி. அதே ஆள் அதே கம்ப்யூட்டர்ல வீடியோ கால்ல ஒருத்தரைக் கூப்பிட்டா, அவர் குரல் மிக்சருக்கு வந்து லூப்பேக்ல திரும்பி அவருக்கே போகும், அவர் தன் குரலையே அரை நொடி கழிச்சுக் கேட்டு ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியாம திணறுவார். லூப்பேக் ஸ்விட்ச் இல்லாத சாதாரண மிக்சர்லயும் இதே கதை வரும், யூஎஸ்பில இருந்து திரும்பி வர்றது மெயின் மிக்ஸ்ல சேர்ந்தா கதை அதேதான். அதனால திரும்பி வர்ற சத்தத்தை ஹெட்போனுக்கு மட்டும் அனுப்புற பட்டன் இருக்கான்னு பாருங்க, அது இருந்தா பாதித் தலைவலி இல்ல. அப்படி வெச்சுட்டீங்கன்னா பாட்டையும் கேம் சத்தத்தையும் ஓபிஎஸ்ல டெஸ்க்டாப் ஆடியோவா எடுத்துக்கோங்க, மிக்சர்ல இருந்து மைக் மட்டும் போகட்டும். ரெண்டு வழியிலயும் எடுத்தா எல்லாமே ரெட்டையா கேட்கும்.

சாம்பிள் ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்குதுங்கிற நம்பர், அதைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. 192 கிலோஹெர்ட்ஸ்னு பெருசா போட்டிருப்பாங்க, லைவுக்கு 48 போதும், மிக்சர், விண்டோஸ், ஓபிஎஸ் மூணுலயும் ஒரே நம்பர் இருந்தா சரி. ஒண்ணு 44.1ம் இன்னொண்ணு 48ம்னு இருந்தா சில சமயம் நடுநடுவுல டிக் டிக்னு சத்தம் வரும், ஆரம்பத்துல அதை கேபிள் கோளாறுன்னு நினைச்சு மூணு கேபிள் மாத்துனவன் நான்.

ஸ்டெப் 5: கெஸ்ட் போன்ல வந்தா

பேப்பர்ல போட்ட அந்தப் பெருக்கல் குறிக்கு ஒரு பேர் இருக்கு, மிக்ஸ்-மைனஸ். எல்லாம் போகணும், அவர் குரல் மட்டும் கழிச்சுப் போகணும். ரேடியோ ஸ்டேஷன்காரங்க ரொம்ப நாளா பண்றது. இதுக்கு ரெண்டு வழி.

சுலபமான வழி, மிக்ஸ்-மைனஸ் தானாவே பண்ற மிக்சர் வாங்குறது. ஜூம் லைவ்ட்ராக் எல்-8, 2018ல வந்த ரோட்காஸ்டர் புரோ, அதுக்கப்புறம் 2022ல வந்த ரோட்காஸ்டர் புரோ 2, இதெல்லாம் போன்ல வர்றவர் குரலைக் கழிச்சுத்தான் அவருக்குத் திருப்பி அனுப்பும். எல்-8லயும் முதல் ரோட்காஸ்டர் புரோவுலயும் போனை டிஆர்ஆர்எஸ் கேபிள்ல (மைக்கும் ஹெட்போனும் சேர்ந்த, நாலு தொடர்பு இருக்குற பின்) சொருகலாம், புரோ 2ல அந்த ஓட்டை இல்ல, ப்ளூடூத்லயோ யூஎஸ்பிலயோ சேக்கணும். ரெண்டு மூணு பேர் உக்காந்து பேசுற நிகழ்ச்சி, வாராவாரம் போன்ல ஒருத்தர் வருவார்னா இந்த வகைதான் சரி. ஆளாளுக்குத் தனி ஹெட்போன் ஓட்டையும் இருக்கும். எல்-8ல எஸ்டி கார்டுலயே தனித்தனி ட்ராக்கா ரெக்கார்டு ஆகும், லைவ் நடுவுல கம்ப்யூட்டர் படுத்துட்டாலும் ரெக்கார்டிங் தப்பிச்சிடும்.

கஷ்டமான ஆனா மலிவான வழி, ஆக்ஸ் சென்ட், அதாவது மெயினைத் தவிர தனியா ஒரு மிக்ஸ் கலந்து வெளிய அனுப்புறது. மிக்சர்ல ஆக்ஸ் இல்ல எஃப்எக்ஸ் சென்ட்னு ஒரு அவுட்புட் இருந்தா, அதை போனோட மைக் பக்கம் கனெக்ட் பண்ணி, எல்லா சேனலோட ஆக்ஸ் நாபையும் ஏத்தி வெச்சு, போன் சத்தம் வர்ற சேனலோட ஆக்ஸை மட்டும் சுத்தமா பூஜ்யத்துல வெக்கணும். வேலை செய்யும். ஆனா மிக்சர்ல இருந்து வர்ற பலமான சிக்னல் (லைன் லெவல்) போனோட மைக் இன்புட்டுக்கு ரொம்ப அதிகம், ஆக்ஸைக் கொஞ்சமா ஏத்துங்க, இல்ல லெவலைக் குறைக்கிற கேபிள் வாங்குங்க. எஃப்எக்ஸ் சென்ட்டை இதுக்கு எடுத்துட்டா உள்ள இருக்குற எக்கோ எஃபெக்டை ஆஃப் பண்ணிடணும்.

கெஸ்ட் வீடியோ கால்ல வந்தாலும் இதே கணக்குதான்.

ஸ்டெப் 6: போன்லயே லைவ் போறவங்களுக்கு

கம்ப்யூட்டரே இல்லாம போன்ல இருந்து லைவ் போறவங்க ரெண்டு வழியில மிக்சரைச் சேக்கலாம். ஹெட்போன் ஜாக் வழியா போனா சுலபம், ஆனா அந்த ஜாக்ல மைக் பக்கம் மோனோதான், ஸ்டீரியோ பாட்டு எல்லாம் ஒண்ணாக் குழைஞ்சிடும். பேச்சுக்கு மட்டும்னா ஒரு குறையும் இல்ல. இப்ப வர்ற நிறைய போன்ல அந்த ஜாக்கே இல்ல, ஐபோன்ல 2016லயே எடுத்துட்டாங்க.

யூஎஸ்பி வழியா போனா தரம் நல்லா இருக்கும், ஆனா மிக்சர் கிளாஸ் கம்ப்ளையன்ட்டா இருக்கணும், அதாவது தனி டிரைவர் போடாம வேலை செய்யணும். அடுத்த பிரச்சினை கரண்ட். யூஎஸ்பில இருந்தே பவர் எடுக்குற மிக்சருக்கு போனால தீனி போட முடியாது, போட்டாலும் போன் சார்ஜ் கரைஞ்சு லைவ் பாதியில அணைஞ்சிடும். தனியா 5 வோல்ட் குடுக்குற ஓட்டை மிக்சர்ல இருக்கணும். லைட்னிங் ஐபோன்னா சார்ஜும் ஏத்துற மாதிரி கேமரா அடாப்டர் வேணும், 2023ல வந்த ஐபோன் 15ல இருந்து டைப்-சி ஆயிட்டதால அந்தத் தொல்லை விட்டுச்சு.

ஸ்டெப் 7: காது

ஹெட்போன் வால்யூமுக்குத் தனி நாப் இருக்கணும், மெயின் ஃபேடரை இறக்குனா ஹெட்போனும் இறங்குற மிக்சர் வேண்டாம். உங்க குரல் கம்ப்யூட்டர் போய் திரும்பி வந்து காதுல விழுந்தா பேசவே முடியாது, நாக்கு குழறும். மிக்சர்ல இருந்து நேராவே கேட்குற வசதி எல்லா மிக்சர்லயும் இருக்கும், அதுதான் மிக்சரோட பெரிய சுகமே, ஓபிஎஸ்ல ஆடியோ மானிட்டரிங்கை (சத்தத்தை உங்களுக்கே திருப்பிக் கேட்க விடுறது) மட்டும் ஆஃப்ல வெச்சுக்கோங்க. ரெண்டு பேர் பேசுறீங்கன்னா ரெண்டாவது ஹெட்போனுக்கு வழி பாருங்க, மிக்சர்ல இல்லேன்னா குட்டி ஹெட்போன் ஆம்ப் தனியா கிடைக்கும். ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டு மைக்ல பேசாதீங்க, ஊளையிடும்.

ஸ்டெப் 8: நாப், ஃபேடர், எஃபெக்ட்

லோ கட் பட்டன் வேணும், 80ல இருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வர்றதை வெட்டி விடும், மேஜையைத் தட்டுறது, ஏசி முனகுறது எல்லாம் பாதி குறைஞ்சிடும். மூணு பேண்ட் ஈக்யூ (கனம், நடு, கீச்சுன்னு மூணையும் தனியா ஏத்தி இறக்குறது) போதும். கம்ப்ரஸர் ஒரே நாப்ல இருந்தா நல்லது, இல்லேன்னா ஓபிஎஸ்ல போட்டுக்கலாம். ரிவர்ப் (எதிரொலி மாதிரி எஃபெக்ட்) எல்லாம் பாடுறவங்களுக்கு, பேசுறவங்க அதைத் தொட்டாலே கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடும், பாட்டு முடிஞ்சதும் ஒரே அழுத்துல எஃபெக்டை நிறுத்துற பட்டன் இருக்கணும். கைதட்டல், சிரிப்புச் சத்தம், குரல் மாத்துறதுன்னு பத்து பதினஞ்சு பட்டன் போட்டு லைவ் சவுண்ட் கார்டுன்னு விக்கிறதைப் பாத்திருப்பீங்க, வெளையாட்டுக்கு நல்லா இருக்கும், ஆனா அதுல பலதுல முழு 48 வோல்ட் கிடையாது, எக்ஸ்எல்ஆரே இல்லாததும் இருக்கு.

ஃபேடரா நாபான்னு கேட்டா எனக்கு ஃபேடர்தான். நீளமா இருந்தா மெதுவா இறக்கலாம், எது எவ்ளோ ஏறியிருக்குன்னு ஒரு பார்வையில தெரியும். ஆனா மேஜையில இடம் இல்லாதவங்களுக்கு நாப் மிக்சர் கையடக்கமா இருக்கும், எல்லாத்தையும் விட மியூட் பட்டன் முக்கியம், ஒவ்வொரு மைக்குக்கும் ஒண்ணு. சின்ன மிக்சர்ல இதைத்தான் முதல்ல எடுத்துடுறாங்க, அதனால கண்டிப்பா பாருங்க.

கேம் ஆடுறவங்க கோஎக்ஸ்எல்ஆர்ங்கிற மிக்சரைப் பத்திக் கேட்பாங்க. கேம், சாட், பாட்டு, சிஸ்டம்னு கம்ப்யூட்டர் சத்தத்தையே தனித்தனி ஃபேடரா பிரிச்சுக் குடுக்குற ஐடியா அருமை, ஆனா அதோட சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும்தான், ஒரு மைக்தான்.

ஸ்டெப் 9: கரண்டும் முனகலும்

பவர்டு மிக்சர்னு போட்டிருந்தா அது உள்ளயே ஆம்ப்ளிஃபயர் வெச்சது, மேடைக்கு, உங்களுக்கு இல்ல. பவர் அடாப்டர் தனி மாடலா இருந்தா அது போச்சுன்னா மறுபடி கிடைக்குமான்னு யோசிச்சுக்கோங்க.

மிக்சரை மாட்டுனதும் ம்ம்ம்னு முனகுனா பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு கருவியோட எர்த்தும் வேற வேற வழியா சேர்ந்து ஒரு வளையம் ஆகிடுறது, கரண்ட் 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ அந்தச் சுருதியில முனகும். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகிப் பாருங்க, லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, லைன் கேபிள்ல பேலன்ஸ்ட் போட்டுப் பாருங்க, அப்பவும் போகலன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கலாம். எர்த் பின்னை ஒடிச்சா முனகல் போயிடும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. முனகல் போகும், உயிரும் போகலாம்.

பழசு வாங்குறீங்கன்னா ஒவ்வொரு ஃபேடரையும் மேல கீழ தள்ளிப் பாருங்க, கரகரன்னு சத்தம் வருதான்னு. யூஎஸ்பி ஓட்டை ஆடுதா, 48 வோல்ட்ல கண்டென்சர் மைக் உயிர் பெறுதா, உங்க இப்போதைய விண்டோஸுக்கோ மேக்குக்கோ டிரைவர் இன்னும் குடுக்குறாங்களா, இது நாலும் பாத்தா போதும்.

ஸ்டெப் 10: வாங்கிட்டு வந்த அன்னிக்கு

எல்லா ஃபேடரும் கீழ, ஹெட்போன் வால்யூம் கீழ, அப்புறம்தான் ஆன். கெயினை வெக்கும்போது மெதுவா ஒன் டூ த்ரீன்னு சொல்லாதீங்க, லைவ்ல சிரிக்கிற சத்தத்துல, கத்துற சத்தத்துல பேசுங்க, ஏன்னா எல்லாரும் டெஸ்ட்ல பதவிசா பேசிட்டு லைவ்ல கத்துவாங்க. சேனல் ஃபேடரும் மெயினும் 0 இருக்குற கோட்டுல நிக்கட்டும், கெயினை மட்டும் திருப்பி, ஓபிஎஸ் மீட்டர்ல சாதாரணப் பேச்சு மஞ்சள்ல ஆடுற மாதிரி, உச்சம் மைனஸ் 12 பக்கம் தொடுற மாதிரி வெச்சுக்கோங்க. மீட்டர்ல மைனஸ் 20ல மஞ்சள் ஆரம்பிக்கும், மைனஸ் 9ல சிவப்பு. 0வைத் தொட்டா உடைஞ்சது உடைஞ்சதுதான், அப்புறம் எந்த சாஃப்ட்வேர்லயும் ஒட்ட முடியாது. பாட்டு உங்க குரலுக்குக் கீழயே இருக்கட்டும், நீங்க பேசும்போது பாட்டு வரி புரியுதுன்னா இன்னும் இறக்கணும்.

கேமராவை கேப்சர் கார்டு (கேமரா படத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள எடுக்குற கருவி) வழியா எடுக்குறீங்கன்னா படம் சத்தத்தை விட லேட்டா வரும், உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம்னு இருக்கும். கேமரா முன்னாடி ஒரு தடவை பளார்னு கைதட்டி ரெக்கார்டு பண்ணி, கை சேருற ஃப்ரேமுக்கும் சத்தத்துக்கும் எத்தனை மில்லி செகண்ட் வித்தியாசம்னு பாத்து, அந்த நம்பரை ஓபிஎஸ்ல அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்ல மைக்கோட சிங்க் ஆஃப்செட்ல போடுங்க. அங்கயே பக்கத்துல மோனோன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். குரல் ஒரு பக்கம் மட்டும் வந்தா அதை டிக் பண்ணுனா ரெண்டு பக்கமும் வந்துடும், எனக்கு அன்னிக்கு அது தெரிஞ்சிருக்கலாம். ஆனா மிக்சர் வழியா ஸ்டீரியோ பாட்டும் அதே யூஎஸ்பில வந்தா அதுவும் மோனோ ஆயிடும், அப்படி இருந்தா மிக்சர்லயே மைக்கோட பேன் நாபை (சத்தத்தை இடது, வலது பக்கம் தள்ளுறது) நடுவுல வெக்கிறதும் அந்த ஸ்விட்சைப் பாக்குறதும்தான் சரி.

கடைசியா யாருக்கும் தெரியாம பிரைவேட்ல ஒரு பத்து நிமிஷம் லைவ் போங்க. மைக் மைக்கா பேசுங்க, பாட்டு போட்டு இறக்குங்க, மியூட் அழுத்திட்டு நிஜமாவே இருமுங்க, கால்ல ஒரு ஃப்ரெண்டைக் கூப்பிட்டு உன் குரல் உனக்கே திரும்பி வருதான்னு கேளுங்க. முடிச்சதும் அந்த வீடியோவை அதே கம்ப்யூட்டர்ல கேட்காதீங்க, போன்ல போட்டு முதல்ல ஸ்பீக்கர்ல, அப்புறம் ஹெட்போன்ல ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்துன்னு மாத்தி மாத்திக் கேளுங்க. பெட்டியையும் பில்லையும் அது வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.